யூரியா போட்ட வயலில் அமோனியா இழப்பை அளப்பது: சேம்பர் போதுமா, கம்பம் நட வேண்டுமா?

வயல்மாணவி

எல்லோருக்கும் வணக்கம். முதுநிலை ஆய்வுக்காக மக்காச்சோள வயலில் யூரியாவிலிருந்து அமோனியாவாகப் பறந்துபோகும் நைட்ரஜனை அளக்க வேண்டும். நான்கு ட்ரீட்மென்ட்: யூரியா போடாதது, மேலே தூவிய யூரியா, யூரியா உடைவதைத் தாமதப்படுத்தும் என்பிபிடி பூசிய யூரியா, 5 செ.மீ. ஆழத்தில் வரிசையாக வைத்த யூரியா. எக்டருக்கு 100 கிலோ நைட்ரஜன், வரிசை இடைவெளி 60 செ.மீ. ஒவ்வொன்றுக்கும் நான்கு ரெப்ளிகேஷன், அதாவது நான்கு பாத்தி. பாத்தி 5க்கு 4 மீட்டர். மண் சுண்ணாம்பு மண், பிஎச் 8.1.

ஆய்வகத்தில் நைட்ரஜனை அளக்க உதவும் கெல்டால் வடிகலன் இருக்கிறது, டைட்ரேஷன் செய்யலாம். வாயுவை நேரடியாக அளக்கும் கருவி எதுவும் இல்லை. மண்மேல் கவிழ்க்கும் கலனான சேம்பருக்குள், அமோனியாவைப் பிடிக்க அமிலக் கிண்ணம் வைத்தால் போதும் என்கிறார் வழிகாட்டி. சேம்பர் எண்களை நம்பவே முடியாது, வயலில் கம்பம் நட்டுக் காற்றில் அளக்க வேண்டும் என்கிறார் ஒரு சீனியர். இருவர் சொல்வதிலும் நியாயம் இருப்பதுபோல் தோன்றுகிறது. எந்த முறையில் போகலாம்? எத்தனை நாள் அளக்க வேண்டும்? கணக்கு எப்படிப் போடுவது?

ஆய்வகத்தான்

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். எந்த ட்ரீட்மென்டில் இழப்பு குறைவு என்று தெரிய வேண்டுமா, அல்லது எக்டருக்கு இத்தனை கிலோ போனது என்று சொல்ல வேண்டுமா? இரண்டும் வேறு வேறு கேள்விகள். முதல் கேள்விக்கு நல்ல சேம்பர் போதும். இரண்டாவதற்குச் சேம்பர் மட்டும் போதாது. உங்கள் சீனியரும் வழிகாட்டியும் ஆளுக்கொரு கேள்விக்குப் பதில் சொல்லியிருக்கிறார்கள் என்றுதான் நினைக்கிறேன்.

காற்றுக்கம்பம்

சேம்பரில் ஏன் சிக்கல் என்று புரிந்துவிட்டால் மற்றதெல்லாம் எளிது. கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

யூரியா ஈரத்தில் கரைகிறது. மண்ணிலுள்ள யூரியேஸ் நொதி அதை உடைத்து அமோனியமும் பைகார்பனேட்டும் ஆக்குகிறது. இந்த வினை ஹைட்ரஜன் அயனியைச் செலவழிப்பதால், குருணையைச் சுற்றியுள்ள மண்ணின் பிஎச் ஏறுகிறது. அமில மண்ணாக இருந்தாலும் அந்தச் சிறு வட்டத்துக்குள் 8-ஐத் தாண்டலாம். 25 டிகிரி வெப்பத்தில் பிஎச் 7 என்றால் அமோனியம், அமோனியா இரண்டும் சேர்ந்த மொத்தத்தில் அமோனியாவின் பங்கு ஒரு சதவீதம்கூட இல்லை. பிஎச் 8-ல் ஏறத்தாழ 5 சதவீதம். பிஎச் 9-ல் மூன்றில் ஒரு பங்குக்கு மேல். ஆக, பிஎச் ஓர் அலகு ஏறினாலே நிலைமை தலைகீழாக மாறுகிறது. வெயில் ஏற ஏற இந்தப் பங்கு இன்னும் கூடும்.

இதுவரை நடப்பதெல்லாம் மண்ணுக்குள். அப்புறம்தான் காற்றின் வேலை தொடங்குகிறது. மண்ணின் மேற்பரப்பை ஒட்டி நிற்கும் அமோனியாவைக் காற்று அள்ளிக்கொண்டு போனால்தான் அடியிலிருந்து அடுத்தது மேலே வரும். மூடிய அறையில் ஈரத்துணி காய்வதற்கும் மொட்டை மாடியில் காய்வதற்கும் உள்ள வித்தியாசம்தான் இங்கேயும். சேம்பரைக் கவிழ்த்ததும் அந்தக் காற்றை நிறுத்திவிடுகிறோம். வெப்பம், ஈரம், பனி, மழை எல்லாமே உள்ளே மாறிவிடுகின்றன. அமிலத்தில் எவ்வளவு துல்லியமாகப் பிடித்தாலும், பிடிபட்டது அந்தச் சேம்பருக்குள் நடந்த இழப்பு. திறந்த வயலில் நடந்தது வேறாக இருக்கலாம்.

அதனால்தான், கம்பம் நட்டு அதைக் கடக்கும் காற்றிலுள்ள அமோனியாவைப் பிடிப்பது போன்ற, வயலைத் தொடாமல் அளக்கும் நுண்வானிலை முறைகளை எல்லோரும் உரைகல்லாக வைத்திருக்கிறார்கள்.

வயல்மாணவி

இவ்வளவு தெளிவாக எழுதியதற்கு நன்றி சார். ஆனால் என் பாத்தி 5க்கு 4 மீட்டர்தான். இதில் கம்பம் நட முடியுமா?

காற்றுக்கம்பம்

முடியாது. பக்கத்துப் பாத்தியின் அமோனியாவும் கம்பத்துக்கு வந்து சேரும். கம்பத்துக்குக் காற்று வரும் திசையில் போதிய தூரம் ஒரே ட்ரீட்மென்ட் இருக்க வேண்டும். வழக்கமாக 20 முதல் 25 மீட்டர் ஆரமுள்ள வட்டம் எடுப்பார்கள். கம்பம் நடுவில் நிற்கும் என்பதால் எந்தத் திசையில் காற்று வந்தாலும் தூரம் மாறாது.

நைட்ரஸ்வாயு

இடையில் ஒரு சந்தேகம். நாங்கள் நைட்ரஸ் ஆக்சைடுக்கு மூடிய சேம்பர் வைத்து, பத்துப் பதினைந்து நிமிட இடைவெளியில் ஊசியால் காற்றை உறிஞ்சி, குப்பியில் அடைத்து, ஆய்வகத்தில் வாயுக்களைப் பிரித்தளக்கும் ஜிசி கருவியில் ஓட்டுகிறோம். அதே குப்பிகளில் அமோனியாவையும் பார்த்துவிடலாமா?

ஆய்வகத்தான்

வேண்டாம். நைட்ரஸ் ஆக்சைடு எதிலும் ஒட்டாத வாயு. அமோனியா அப்படியில்லை. ஊசி, ரப்பர் மூடி, கண்ணாடிச் சுவர், சுவரில் பூத்த நீர்த்துளி என எதைக் கண்டாலும் ஒட்டிக்கொள்ளும். ஆய்வகம் போய்ச் சேர்வதற்குள் குப்பியில் பெரும்பகுதி இருக்காது. இன்னொரு சிக்கலும் உண்டு. மூடிய சேம்பருக்குள் அமோனியாவின் அடர்த்தி கொஞ்சம் ஏறியதும் மண்ணிலுள்ள கரைசலோடு சமநிலைக்கு வந்து, வெளிவருவதே நின்றுவிடும். நேரத்தோடு அடர்த்தி சீராக ஏறும் நேர்கோடு கிடைக்காது. அதனால் அமோனியா வெளிவந்த உடனேயே அமிலத்தில் பிடித்தாக வேண்டும், இல்லையென்றால் இடைவிடாமல் காற்றை ஓட்ட வேண்டும்.

நைட்ரஸ்வாயு

புரிந்தது, நன்றி. எங்கள் குழுவில் இரண்டு பேருக்கு இந்த யோசனை இருந்தது. தடுத்துவிட்டேன்.

ஆய்வகத்தான்

வயல்மாணவி, உங்கள் நிலைமைக்கு மூன்று வழிகள் தெரிகின்றன.

ஒன்று, காற்றோட்டமுள்ள சேம்பர். பம்பு வைத்து, வெளிக்காற்றை அமிலத்தில் கழுவி உள்ளே அனுப்பி, வெளியேறும் காற்றைப் போரிக் அமிலத்திலோ நீர்த்த கந்தக அமிலத்திலோ குமிழியிட வைப்பது. காற்று மெதுவாக ஓடினால் இழப்பு குறைவாகத் தெரியும். நிமிடத்துக்குச் சேம்பரின் கொள்ளளவைப் போல் 15 முதல் 20 மடங்கு காற்று ஓடினால்தான் அதற்குமேல் வேகம் கூட்டினாலும் எண் பெரிதாக மாறாது. பதினாறு பாத்திக்கும் பம்பும் மின்சாரமும் தேவை. எல்லாப் பம்பும் ஒரே வேகத்தில் ஓடுகிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

இரண்டு, டிராகர் குழாய் முறை. இதைப் பற்றித் தெரிந்தவர்கள் எழுதினால் நல்லது.

மூன்று, பாதி திறந்த சேம்பர். பிரேசிலில் 2 லிட்டர் பிளாஸ்டிக் குளிர்பானப் பாட்டிலில் செய்த வடிவம் பல நாடுகளுக்குப் பரவியிருக்கிறது. பாட்டிலின் அடியை வெட்டி எடுத்துவிட்டு, அந்த அடித்துண்டையே மேலே குடைபோல் மாட்டி, மழை விழாமல் காற்று மட்டும் போய்வர விடுவது. உள்ளே ஒரு ஸ்பஞ்சுப் பட்டை தொங்கும். அதன் கீழ்முனை சிறு கிண்ணத்தில் இருக்கும் 10 மி.லி. அமிலத்தில் நனைந்திருக்கும். அமிலம் லிட்டருக்கு 1 மோல் கந்தக அமிலம், காய்ந்துபோகாமல் இருக்கக் கொஞ்சம் கிளிசரால். மின்சாரம் வேண்டாம். உங்கள் பதினாறு பாத்திக்கு இதுதான் நடைமுறைக்கு ஒத்துவரும்.

வயல்மாணவி

பாட்டில் முறைதான் எனக்கும் சரியாகப் படுகிறது. அந்த 10 மி.லி. அமிலம் போதுமா? நிறைவுற்றுப் போய்விடாதா?

ஆய்வகத்தான்

கணக்குப் போட்டுப் பார்ப்போம். 10 மி.லி.யில் 10 மில்லிமோல் கந்தக அமிலம், அதாவது 20 மில்லிமோல் ஹைட்ரஜன் அயனி. இது 280 மி.கி. நைட்ரஜனைப் பிடிக்கும். பாட்டிலின் விட்டம் 10 செ.மீ. என்றால் பரப்பு 0.00785 சதுர மீட்டர். எக்டருக்கு 100 கிலோ என்றால் சதுர மீட்டருக்கு 10 கிராம். ஆக, பாட்டிலுக்கு அடியில் இருப்பது மொத்தமே 80 மி.கி.க்குச் சற்றுக் குறைவு. போட்டது அத்தனையும் பறந்தாலும் அமிலம் மிஞ்சும். தூவிய யூரியாவுக்குக் கவலையில்லை.

நான் கவலைப்படுவது வேறு ஒன்றுக்கு. 80 மி.கி. நைட்ரஜன் என்பது ஏறத்தாழ 174 மி.கி. யூரியா. 3 மி.மீ. விட்டமுள்ள குருணை ஒன்று 18 மி.கி. அளவில் இருக்கும். அப்படியென்றால் பாட்டிலுக்கு அடியில் வரவேண்டியது வெறும் பத்துக் குருணைதான். கையால் தூவும்போது ஒரு பாட்டிலுக்குக் கீழே ஆறு விழும், இன்னொன்றுக்குக் கீழே பதினாலு விழும். ட்ரீட்மென்ட் வித்தியாசம் இந்த ஏற்ற இறக்கத்தில் மூழ்கிப்போகும். பல ஆய்வுகளில் ரெப்ளிகேஷன்களுக்கு நடுவே எண்கள் தாறுமாறாக இருப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம் என்பது என் உறுதியான கருத்து.

அதனால் பாட்டில் நிற்கப்போகும் வட்டத்தை முன்கூட்டியே குறித்து, வளையம் பதித்து, தூவும்போது மூடிவைத்துவிடுங்கள். அப்புறம் அந்த வட்டத்துக்கு மட்டும் யூரியாவைத் தனியாக எடைபோட்டுப் போடுங்கள்.

வரிசைக்காரர்

வரிசையாக ஆழத்தில் வைக்கும் ட்ரீட்மென்டுக்கு இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது. கவனமாக இருங்கள். 60 செ.மீ. இடைவெளி என்றால் ஒரு மீட்டர் வரிசையில் 6 கிராம் நைட்ரஜன் இருக்கும். பாட்டில் சரியாக வரிசைமேல் நின்றால், 10 செ.மீ. நீளத்தில் 600 மி.கி. தூவிய பாத்தியின் பாட்டிலுக்குக் கீழே இருப்பதைப் போல் ஏழெட்டு மடங்கு. அந்த எண்ணை நேரடியாக எக்டருக்கு மாற்றினால், ஆழத்தில் வைத்ததுதான் அதிகம் இழந்தது என்ற தவறான முடிவு வரும்.

வரிசைமேல் ஒரு பாட்டில், இரு வரிசைக்கு நடுவில் ஒரு பாட்டில் வையுங்கள். வரிசைப் பகுதிக்கு ஆறில் ஒரு பங்கு, இடைப்பகுதிக்கு ஆறில் ஐந்து பங்கு என்று எடையிட்டுச் சேர்க்க வேண்டும். 600 மி.கி. என்பது அமிலத்தின் 280 மி.கி. கொள்ளளவைத் தாண்டுகிறது. தினமும் ஸ்பஞ்சை மாற்றுவதால் ஒரே நாளில் அவ்வளவு வராது. ஆனாலும் வரிசைமேல் நிற்கும் பாட்டிலின் ஸ்பஞ்சை நாள் தவறாமல் மாற்றிவிடுங்கள்.

வயல்மாணவி

இதை யோசிக்கவே இல்லை. எல்லாப் பாத்தியிலும் ஒரே இடத்தில் ஒரே மாதிரி வைத்திருப்பேன். மிகவும் நன்றி.

காற்றுக்கம்பம்

பாட்டில் முறையில் ஒரு திருத்தக் காரணி உண்டு என்பதையும் சொல்லிவிடுங்கள். மறைந்திருந்தே பல கட்டுரைகளுக்குள் போய்விடுகிறது.

ஆய்வகத்தான்

ஆமாம். பாட்டில் எல்லா அமோனியாவையும் பிடிப்பதில்லை. பிரேசில் வடிவத்துக்கு வெளியான காரணி 1.74. அதாவது, பிடிபட்ட நைட்ரஜனை 1.74-ஆல் பெருக்கினால் உண்மையான இழப்பு வரும் என்பது கணக்கு.

காற்றுக்கம்பம்

என் சண்டை இந்த எண்ணோடுதான். அந்த மண்ணில், அந்த வானிலையில், அந்த வடிவத்துக்குக் கிடைத்த எண் அது. பாட்டிலின் உயரம் மாறினாலோ, குடையின் இடைவெளி மாறினாலோ, உங்கள் வயலில் காற்று இரண்டு மடங்கு வேகமாக அடித்தாலோ அதே எண் எப்படிப் பொருந்தும்? காற்று வேகமான நாளில் திறந்த வயலின் இழப்பு கூடும், பாட்டிலுக்குள் அவ்வளவாகக் கூடாது. ஒரே காரணியால் எல்லா நாளையும் பெருக்குவதில் எனக்கு உடன்பாடில்லை.

ஆய்வகத்தான்

உங்கள் வாதம் சரி. ஆனால் காரணியே இல்லாமல் வெளியிடுவது அதைவிட மோசம் இல்லையா? திருத்தாத பாட்டில் எண்ணைப் பார்த்து எக்டருக்கு இவ்வளவுதான் போகிறது என்று யாராவது எடுத்தாண்டால், இழப்பைப் பாதியாகக் குறைத்துச் சொன்னதாக ஆகிவிடும். 2019-ல் ஐ.நா.வின் காலநிலை மாற்றக் குழுவான ஐபிசிசி திருத்திய வழிகாட்டியில், யூரியாவில் போட்ட நைட்ரஜனில் 15 சதவீதம் வாயுவாகப் போகும் என்று பொது மதிப்பு கொடுத்திருக்கிறார்கள். நைட்ரேட் உரங்களுக்கு 1 சதவீதம்தான். நாடுகள் தங்கள் பசுமைக்குடில் வாயுக் கணக்கில் போடும் எண்கள் இவை. வயலில் அளந்த எண்கள்தான் இவற்றுக்கு அடிப்படை. திருத்தாத எண்கள் அங்கே போய்ச் சேர்ந்தால் பாதிப்பு பெரிது.

காற்றுக்கம்பம்

அதில் மாற்றுக்கருத்தே இல்லை. நான் கேட்பது, திருத்தாத எண், திருத்திய எண் இரண்டையும் தர வேண்டும், காரணி எங்கிருந்து வந்தது என்பதை எழுத வேண்டும் என்பதுதான்.

வயல்மாணவி

என் வயலிலேயே காரணியைக் கண்டுபிடிக்க முடியாதா? ஒரு கிண்ணத்தில் தெரிந்த அளவு அமோனியம் சல்பேட் கரைசல் எடுத்து, காரம் ஊற்றி, பாட்டிலுக்கு அடியில் வைத்து, எவ்வளவு ஸ்பஞ்சில் வருகிறது என்று பார்க்கலாமே?

காற்றுக்கம்பம்

நல்ல யோசனை, கட்டாயம் செய்யுங்கள். ஆனால் அந்தச் சோதனை எதைச் சொல்கிறது என்பதில் தெளிவு வேண்டும். பாட்டிலுக்குள் வெளிவந்த அமோனியாவில் எவ்வளவு ஸ்பஞ்சில் சிக்கியது, எவ்வளவு மேல்வழியாகத் தப்பியது என்று அது சொல்லும். பாட்டில் வைத்ததால் மண்ணிலிருந்து வெளிவருவதே எவ்வளவு குறைந்தது என்று சொல்லாது. முதலாவது ஸ்பஞ்சு பிடிக்கும் திறன். இரண்டாவது வயலோடு ஒப்பிட்டால்தான் தெரியும். அதற்கு ஒன்று நுண்வானிலை முறை வேண்டும், அல்லது நைட்ரஜனின் கனமான வகையான நைட்ரஜன்-15 குறியிட்ட யூரியா போட்டு, பாட்டில் இல்லாத இடத்தில் மண்ணில் மிச்சம் எவ்வளவு என்று பார்க்க வேண்டும்.

நைட்ரஸ்வாயு

நைட்ரஜன்-15 முறையில் காணாமல் போனது எல்லாம் அமோனியா என்று சொல்ல முடியாதே? நுண்ணுயிர்கள் நைட்ரேட்டை வாயுவாக்கும் நைட்ரேட் நீக்கத்தில் போனதும், வேர்மண்டலத்துக்குக் கீழே இறங்கியதும் அதில் சேர்ந்துவிடும்.

காற்றுக்கம்பம்

உண்மை. பெரிய மழையோ பாசனமோ இல்லாத முதல் பத்துப் பதினைந்து நாளில், நல்ல வடிகால் உள்ள மண்ணில் மட்டும் அதை ஏற்கலாம். அப்போதுகூட உச்ச வரம்பு என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

குழாய்க்காரர்

டிராகர் குழாய் பற்றிக் கேட்டிருந்தீர்கள். மண்மேல் நான்கு சிறு கிண்ணச் சேம்பர்களைக் கவிழ்த்து, டெஃப்லான் குழாய்களால் இணைத்து, கைப்பம்பால் காற்றை இழுத்து, நிறம் மாறும் குழாயில் அமோனியாவின் அடர்த்தியைப் படிப்பது. ஒரு பாத்திக்குச் சில நிமிடங்கள் போதும். கிடைத்த எண்ணை அப்போதைய காற்று வேகத்தையும் வெப்பத்தையும் வைத்து ஒரு சமன்பாட்டின் மூலம் உண்மையான இழப்பாக மாற்றுவார்கள். அந்தச் சமன்பாட்டை நுண்வானிலை முறையோடு ஒப்பிட்டு உருவாக்கியிருக்கிறார்கள். சிறு பாத்தியிலும் கிலோ கணக்கைச் சொல்லும் வாய்ப்பு உண்டு என்பதே இதன் சிறப்பு.

குறையும் உண்டு. அந்தச் சில நிமிட எண்ணைத்தான் அடுத்த அளவு வரை நீட்டிக் கணக்கிட வேண்டும். நண்பகல் ஒரு அளவு, விடியலில் ஒரு அளவு என்றாவது எடுக்காவிட்டால் ஏமாற்றிவிடும். குழாய்கள் திரும்பப் பயன்படாது. பதினாறு பாத்தி, ஒரு நாளில் நாலைந்து முறை என்று பெருக்கிப் பாருங்கள், எத்தனை குழாய் தேவை என்று.

நீர்வயல்

நான் நெல்லில் வேலை செய்கிறேன். தேங்கிய நீரில் கதை வேறு. பகலில் பாசி ஒளிச்சேர்க்கை செய்து நீரிலுள்ள கார்பன் டை ஆக்சைடை உறிஞ்சிவிடுவதால், நண்பகலில் நீரின் பிஎச் 9-ஐயும் தாண்டும். இரவில் இறங்கிவிடும். காலை ஏழு மணிக்குப் போய் நீரின் பிஎச் பார்த்துவிட்டு இழப்பு இல்லை என்று எழுதிவிட முடியாது. சேம்பர் நிழல் விழுந்தால் பாசியின் வேலையே மாறிவிடும் என்பதால், கூடுமானவரை தெளிந்த சுவருள்ள சேம்பர் வேண்டும். காற்று நீரை அசைப்பதும் சேம்பருக்குள் நின்றுவிடும். நீரின் பிஎச், வெப்பம், கரைந்த அமோனியம், காற்று வேகம் நான்கையும் நாளில் பல முறை அளந்து, அதிலிருந்து இழப்பைக் கணிப்பதும் உண்டு.

வயல்மாணவி

என் வயலில் நீர் தேங்காது. ஆனாலும் நேரம் பற்றிய இந்தத் தகவல் உதவும். எத்தனை நாள் அளக்க வேண்டும் என்று யாராவது சொல்ல முடியுமா?

ஆய்வகத்தான்

ஈரமுள்ள வெப்பமான மண்ணில் தூவிய யூரியாவுக்கு இரண்டாம் நாளிலிருந்து ஐந்தாம் நாளுக்குள் உச்சம் வந்துவிடும். முதல் வாரம் தினமும், ஒரே நேரத்தில் ஸ்பஞ்சை மாற்றுங்கள். அடுத்த வாரம் ஒருநாள் விட்டு ஒருநாள். அப்புறம் யூரியா போடாத பாத்தியின் எண்ணோடு எல்லாம் ஒன்றுசேரும் வரை.

என்பிபிடி யூரியேஸைத் தடுப்பதால் உச்சம் தள்ளிப்போகும், தாழ்வாகவும் இருக்கும். சாதா யூரியா அடங்கிவிட்டது என்று பத்தாம் நாளில் நிறுத்தினால் என்பிபிடிக்குச் சாதகமாகத் தீர்ப்பு எழுதியதாகிவிடும். மூன்று வாரம் பிடியுங்கள்.

சாணக்கரைசல் வேலை செய்பவர்களுக்கு இந்த அட்டவணை உதவாது. அதில் அமோனியம் ஏற்கெனவே தயாராக இருக்கிறது. ஊற்றிய சில மணி நேரத்திலேயே பெரும்பகுதி போய்விடும். முதல் நாளில் மணிக்கணக்கில் மாற்ற வேண்டும்.

வரிசைக்காரர்

மழை? பாட்டிலுக்குமேல் குடை இருப்பதால் வெளியே மழை பெய்தாலும் உள்ளே காய்ந்தேதான் இருக்கும். 10 முதல் 15 மி.மீ. மழை பெய்தாலே வெளியே யூரியா மண்ணுக்குள் இறங்கி இழப்பு நின்றுபோகும். உள்ளே மட்டும் தொடரும்.

ஆய்வகத்தான்

முக்கியமான விஷயம். ஒரு பாத்தியில் மூன்று நான்கு வளையங்களை முன்பே பதித்து, எல்லாவற்றுக்கும் யூரியா எடைபோட்டுப் போட்டுவிடுங்கள். ஒரு நேரத்தில் ஒன்றின்மேல்தான் பாட்டில் நிற்கும். மழைக்கோ பாசனத்துக்கோ பிறகு அதுவரை திறந்திருந்த வளையத்துக்குப் பாட்டிலை மாற்றுங்கள். மழையே இல்லாவிட்டாலும் மூன்று நாளுக்கொரு முறை மாற்றினால், பாட்டிலுக்குள் மண் அளவுக்கு மீறிக் காய்ந்துபோவதும் பனி படாமல் போவதும் குறையும். விடியற்காலைப் பனியில் குருணை கரைவதும் வெயில் ஏறியதும் அமோனியா கிளம்புவதும் வறண்ட நாட்களில் பெரிய பங்கு வகிக்கிறது.

வயல்மாணவி

ஆய்வகக் கணக்கையும் ஒருமுறை சொல்லிவிடுங்கள் சார்.

ஆய்வகத்தான்

ஸ்பஞ்சையும் கிண்ணத்து அமிலத்தையும் வடிநீரில் நன்றாகப் பிழிந்து கழுவி 50 மி.லி. ஆக்குங்கள். அதில் 20 மி.லி. எடுத்து வடித்து, போரிக் அமிலத்தில் பிடித்து, 0.01 நார்மல் அமிலத்தால் டைட்ரேட் செய்யுங்கள். ஒரு மி.லி.க்கு 0.14 மி.கி. நைட்ரஜன். டைட்ரேஷன் 4.5 மி.லி., பிளாங்க், அதாவது அமோனியா பிடிக்காத வெறும் ஸ்பஞ்சின் எண், 0.3 மி.லி. என்று வைத்துக்கொள்வோம். 4.2ஐ 0.14ஆல் பெருக்கினால் 0.588. 50 மி.லி.க்கு 1.47 மி.கி. இதை 0.00785ஆல் வகுத்தால் சதுர மீட்டருக்கு 187 மி.கி. சதுர மீட்டருக்கு 1 மி.கி. என்பது எக்டருக்கு 0.01 கிலோ. ஆக, அன்றைக்கு 1.87 கிலோ. 1.74 காரணி போட்டால் 3.25 கிலோ. யூரியா போடாத பாத்தியின் எண்ணைக் கழித்த பிறகுதான் காரணியைப் போட வேண்டும்.

வடிக்கும்போது ஒன்றை மறக்கக் கூடாது. மண் சாற்றை வடிக்கும் பழக்கத்தில் மெக்னீசியம் ஆக்சைடை ஒரு சிட்டிகை போட்டால் போதும் என்று இருப்போம். இங்கே 20 மி.லி. சாற்றிலேயே 8 மில்லிமோல் ஹைட்ரஜன் அயனி இருக்கிறது. முதலில் அது நடுநிலையாக வேண்டும், அதற்கு மேலும் காரம் மிஞ்ச வேண்டும். 40 சதவீத சோடியம் ஹைட்ராக்சைடு 5 மி.லி. விட்டால் தாராளம். அமிலம் மிஞ்சியிருந்தால் அமோனியா வடியாது, எண் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் வரும், இழப்பே இல்லை என்று நினைத்துவிடுவோம்.

வரிசைக்காரர்

பிளாங்கைப் பற்றி இன்னும் அழுத்திச் சொல்ல வேண்டும். ஆய்வகத்தில் வைத்த பிளாங்க் மட்டும் போதாது. வயலுக்கு எடுத்துப்போய், திறந்து, மூடி, திரும்பக் கொண்டுவந்த ஸ்பஞ்சும் வேண்டும். கையில் வியர்வை, மூச்சுக்காற்று, சிகரெட் புகை, தரை துடைக்கும் திரவம் எல்லாவற்றிலும் அமோனியா உண்டு. ஸ்பஞ்சுகளைத் தயாரிக்கும் அறையில் உர மூட்டை இருக்கவே கூடாது. கையுறையோடு தொட்டு, ஒவ்வொன்றையும் தனித்தனியாக ஜிப் பையில் போட்டு மூடுங்கள்.

கருவிக்காரர்

லேசர் கருவிகளைப் பற்றி யாரும் பேசவில்லையே? திறந்த பாதை லேசர் என்றால் வயலின் குறுக்கே நூறு மீட்டர் தூரத்துக்கும் சராசரி அடர்த்தி கிடைக்கும். குழாய் வழியாகக் காற்றை இழுக்கும் வகையென்றால் குழாயைச் சூடாக வைக்க வேண்டும், டெஃப்லான் போல ஒட்டாத பொருளில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் குழாய்ச் சுவர் காலையில் பிடித்ததை மதியம் விட்டுக்கொடுக்கும், நேரமே குழம்பிவிடும்.

காற்றுக்கம்பம்

கையில் இருந்தால் அருமையான கருவிகள். ஆனால் கம்பமும் கருவி இல்லாமலேயே முடியும். அதை எழுதுகிறேன், பெரிய வயல் கிடைப்பவர்களுக்கு உதவும்.

1985-ல் ஆஸ்திரேலியாவில் ஓர் எளிய மாதிரி எடுப்பான் வந்தது. காற்றுத் திசைக்குத் தானாகத் திரும்பும் சிறு குழல். உள்ளே ஆக்சாலிக் அமிலம் பூசியிருக்கும். உள்ளே நுழையும் காற்று வெளியே அடிக்கும் காற்றின் வேகத்துக்கு ஏற்றபடி இருப்பதால், பிடிபடும் அமோனியா நேரடியாக அடர்த்தியும் காற்றுவேகமும் பெருக்கிய சராசரியைத் தரும். மின்சாரமே வேண்டாம். நடுக்கம்பத்தில் தரையிலிருந்து 3 மீட்டர் வரை ஐந்து உயரங்களில் மாட்டுங்கள். கீழே நெருக்கமாக, மேலே தள்ளித் தள்ளி. காற்று வரும் பக்கம் வயலுக்கு வெளியே ஒரு பின்னணிக் கம்பம்.

இரண்டின் வித்தியாசத்தை உயரவாரியாகக் கூட்டி, வயலின் ஆரத்தால் வகுத்தால் வேலை முடிந்தது. உதாரணமாக, தரையிலிருந்து 2.5 மீட்டர் வரை சராசரியாக ஒரு சதுர மீட்டர் குறுக்குவெட்டு வழியே நொடிக்கு 30 மைக்ரோகிராம் நைட்ரஜன் கூடுதலாகக் கடந்தால், மொத்தம் 75. ஆரம் 25 மீட்டர் என்றால் சதுர மீட்டருக்கு நொடிக்கு 3 மைக்ரோகிராம். ஒரு நாளைக்கு 259 மி.கி., எக்டருக்கு 2.6 கிலோ. எந்தத் திருத்தக் காரணியும் வேண்டாம். காற்றின் சுழலில் பின்னோக்கிப் போகும் சிறு பங்கைக் கணக்கில் எடுப்பதில்லை என்பதால் ஏறத்தாழ 10 சதவீதம் கூடுதலாகக் காட்டும், அவ்வளவுதான்.

இதன் பலவீனம் ரெப்ளிகேஷன். ஒரு ட்ரீட்மென்டுக்கு ஒரு வட்டம் கிடைப்பதே பெரிது. இரு வட்டங்களுக்கு நடுவே நல்ல இடைவெளியும் வேண்டும்.

வயல்மாணவி

அப்படியென்றால் இப்படிச் செய்யலாமா? பதினாறு பாத்தியில் பாட்டில் வைத்து ட்ரீட்மென்டுகளை ஒப்பிடுகிறேன். பண்ணையில் வேறு பக்கம் ஒரு பெரிய வயல் காலியாக இருக்கிறது, அதே மண். அங்கே தூவிய யூரியாவுக்கு மட்டும் ஒரு வட்டமும் கம்பமும் வைத்து, அதே வட்டத்துக்குள் சில பாட்டில்களையும் வைத்தால், என் வயலுக்கான காரணி கிடைக்கும் இல்லையா?

காற்றுக்கம்பம்

இதைத்தான் சொல்ல வந்தேன், நீங்களே சொல்லிவிட்டீர்கள். ஒவ்வொரு நாளுக்கும் தனித்தனியாகக் காரணியைக் கணக்கிட்டு, காற்றுவேகத்தோடு அது மாறுகிறதா என்று பாருங்கள். மாறினால் அதுவே தனிக் கட்டுரைக்குரிய விஷயம். பாட்டில்களைக் கம்பத்தை ஒட்டி வைக்காமல் வட்டம் முழுக்கப் பரப்பி வையுங்கள். ஆள் நடமாடும் பாதையைக் காற்று போகும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆய்வகத்தான்

கூடவே மேல் 1 செ.மீ. மண்ணின் பிஎச், ஈரம், வெப்பம் மூன்றையும் தினமும் குறித்துக்கொள்ளுங்கள். வழக்கமாக எடுக்கும் 15 செ.மீ. மாதிரியில் யூரியாவின் பிஎச் ஏற்றம் கரைந்து தெரியாமல் போய்விடும்.

வரிசைக்காரர்

சிறு பாத்திகளுக்கு நடுவே அமோனியா தாவும் என்பதையும் மறக்காதீர்கள். யூரியா போடாத பாத்திகள் காற்று போகும் பக்கம் அமைந்தால் பக்கத்துப் பாத்தியின் அமோனியாவையும் பிடிக்கும், அதைக் கழித்தால் எல்லா ட்ரீட்மென்டிலும் இழப்பு குறைந்து தெரியும். பாத்திகளை ரேண்டமாகத்தான் அமைக்க முடியும் என்பதால், வயலுக்கு வெளியே காற்று வரும் பக்கம் தனியாக இரண்டு பாட்டில் வைத்து ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

வயல்மாணவி

எல்லாவற்றையும் குறித்துக்கொண்டேன். மாதிரி எடுப்பான் குழல்களைப் பக்கத்துத் துறையில் இரவல் கேட்கப் போகிறேன். ஒரே ஒரு சந்தேகம் மிச்சம்: பாட்டிலில் எடுத்த எண்ணும் கம்பம் தரும் எண்ணும் ஒரே நேர இடைவெளியில் இருக்க வேண்டுமா?

காற்றுக்கம்பம்

கட்டாயம். ஸ்பஞ்சு மாற்றும் நேரமும் குழல் மாற்றும் நேரமும் ஒன்றாக இருக்கட்டும். முடிந்தால் முதல் ஐந்து நாள் காலை ஆறு, மாலை ஆறு என்று இரண்டு முறை மாற்றுங்கள். இரவில் காற்று ஓய்ந்திருக்கும்போது குழல்களில் சிக்குவது மிகக் குறைவு. அந்தக் குறைந்த எண்ணைப் பகலோடு கலக்காமல் தனியாக வைத்திருந்தால்தான் காரணி பகலுக்கு எவ்வளவு, இரவுக்கு எவ்வளவு என்று பிரித்துப் பார்க்க முடியும்.